பழங்குடி ஆசிரியர்களுக்கான நிதித் திட்டங்கள்: பயிற்சிக்குப் பின் அவர்கள் பணியில் நிலைப்பதற்கு எது உதவுகிறது?

வெண்பனி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். கனடாவின் பழங்குடிகளான முதற்குடியினர், ஆர்க்டிக் பகுதியின் இனுயிட், கலப்பு மரபில் தோன்றிய மேட்டிஸ் ஆகிய சமூகங்களிலிருந்து பள்ளி ஆசிரியர்களை உருவாக்கும் நிதித் திட்டங்களைப் பற்றி முதுகலை ஆய்வேடு எழுதி வருகிறேன். பழங்குடிப் பிள்ளைகளின் கல்வி அவர்களுடைய சமூகத்தின் கையில் இருக்க வேண்டும் என்றும், அதற்கு அச்சமூகத்திலிருந்தே ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்றும் முதற்குடியினரின் அமைப்பான தேசிய இந்தியச் சகோதரத்துவ அமைப்பு (‘இந்தியர்’ என்பது அங்கே பழங்குடியினரைக் குறித்த பழைய சொல்) 1972-இல் கோரியது. மறு ஆண்டே மத்திய அரசு அதைக் கொள்கை அளவில் ஏற்றுக்கொண்டது. இவ்வளவு காலம் கடந்தும், வடபகுதிப் பள்ளிகள் பலவற்றில் கல்வியாண்டின் தொடக்கத்தில் தெற்கிலிருந்து புதிய ஆசிரியர்கள் வருவதும், ஓரிரு ஆண்டுகளில் திரும்பிவிடுவதும் நிற்கவில்லை. கல்விக் கட்டணத்தை ஏற்பது, உதவி பெற்றதற்கு ஈடாகக் குறிப்பிட்ட காலம் பணிபுரியக் கோரும் பணிக்கடப்பாட்டு ஒப்பந்தம், பணியில் சேர்ந்த பின் தரும் ஆதரவு ஆகியவற்றில் எதற்குப் பணம் ஒதுக்கினால் உண்மையில் பயன் விளைகிறது? களத்தை அறிந்தவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன்.

ஆற்றங்கரை (மறுமொழி):

வணக்கம். சஸ்காட்செவன் மாகாணத்தில் ஆசிரியர் கல்வித் துறையில் நெடுங்காலம் பணிபுரிந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். இத்தகைய படிப்பில் சேருபவர்களில் கணிசமானோர் பள்ளியிறுதியை முடித்த கையோடு வரும் இளைஞர்கள் அல்லர். தம் ஊர்ப் பள்ளியில் பல ஆண்டுகள் வகுப்பறை உதவியாளராக இருந்து, தலைமையாசிரியரின் தூண்டுதலால் முப்பது வயதுக்கு மேல் கல்லூரிக்கு வரும் தாய்மார்கள் அவர்களில் பலர். அவர்களுக்குக் கல்விக் கட்டணம் மட்டும் கிடைத்தால் போதாது; நகரத்தில் வீட்டு வாடகைக்கு முன்பணம் வேண்டும், பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஊரில் ஒரு சாவு என்றால் பல நூறு கிலோமீட்டர் போய்த் திரும்பச் செலவுக்குக் காசு வேண்டும். துக்கத்திற்குப் போன வாரத்தில் தேர்வு தவறி, அதனால் உதவித்தொகை நின்று, படிப்பையே கைவிட்ட மாணவியை நான் அறிவேன். அவர் வகுப்பில் மிகச் சிறந்தவர்களுள் ஒருவர்.

ஆகவே பயிற்சியை ஊருக்கு அருகே கொண்டுபோன திட்டங்களே நிலைத்த பயன் தந்தன என்பது என் உறுதியான கருத்து. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1974-இல் தொடங்கிய நைடெப் என்ற பழங்குடி ஆசிரியர் பயிற்சித் திட்டம், மாணவர்கள் முதல் சில ஆண்டுகளை வட்டார மையங்களில் கழித்துவிட்டுப் பிறகே வான்கூவர் வளாகத்திற்கு வரும்படி அமைக்கப்பட்டது. எங்கள் மாகாணத்தில் 1972-இல் ஐடெப், 1976-இல் லா ரோஞ்ச் ஊரில் நார்டெப், மேட்டிஸ் மக்களுக்காக 1980-இல் கேப்ரியல் டுமோன்ட் நிறுவனத்தின் சன்டெப் என இதே வகை ஆசிரியர் பயிற்சித் திட்டங்கள் தோன்றின. நார்டெப் மாணவர்கள் வடக்கிலேயே தங்கி, வடக்குப் பள்ளிகளிலேயே பயிற்சி பெற்று, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார்கள். வாழ்க்கைச் செலவுக்கான தொகையும் அத்திட்டத்திலேயே அடங்கியிருந்தது. அதன் வெற்றிக்கு அதுவே அடித்தளம் என்பேன். மாகாண அரசு 2017-இல் அதற்கான நிதியை நிறுத்தி, பொறுப்பை நார்த்லேண்ட்ஸ் கல்லூரிக்கு மாற்றியது. நாற்பது ஆண்டுகளாக வடபகுதி மக்களே நடத்தி வந்த ஓர் அமைப்பு ஒரு வரவுசெலவுத் திட்ட முடிவால் மறைந்தது இன்றும் எனக்கு வருத்தமளிக்கிறது.

உங்கள் ஆய்வில் மத்திய அரசின் உயர்கல்வி மாணவர் உதவித் திட்டத்திற்கு ஒரு தனி இயலே ஒதுக்கலாம். அந்தப் பணம் முதற்குடிச் சமூக நிர்வாகங்களின் வழியே மாணவர்களுக்குச் செல்கிறது. 1996 முதல் அதன் ஆண்டு வளர்ச்சிக்கு 2 விழுக்காடு என்ற உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மக்கள்தொகையும் கல்விக் கட்டணமும் அதைவிட வேகமாக உயர்ந்ததால், தகுதி இருந்தும் காத்திருப்போர் பட்டியலில் நின்றவர்கள் பெருகினர். மேட்டிஸ் மக்களுக்கு அத்திட்டத்தில் இடமே இல்லை. அவர்களுக்கெனத் தனி நிதி 2019-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில்தான் அறிவிக்கப்பட்டது.

தென்றல்முகம் (மறுமொழி):

பணிக்கடப்பாடு பற்றி அமெரிக்க அனுபவத்தைச் சொல்கிறேன். அங்கே மத்தியக் கல்வித் துறையின் இந்தியக் கல்விப் பிரிவு வழங்கும் தொழில்முறை வளர்ச்சி மானியம் பல்கலைக்கழகங்களுக்கும் பழங்குடிக் கல்லூரிகளுக்கும் செல்கிறது. கட்டணம், நூல்கள், வாழ்க்கைச் செலவு, குடும்பத்தில் அவரைச் சார்ந்திருப்போருக்கான படி ஆகியவை மாணவருக்குக் கிடைக்கின்றன. பதிலுக்கு, பயிற்சி பெற்ற காலத்திற்கு ஈடான காலம் பழங்குடி மாணவர்கள் மிகுந்த பள்ளியில் பணிபுரிய வேண்டும். இல்லையேல் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். பணியில் சேரும் தொடக்க காலத்தில் வழிகாட்டி ஆசிரியரின் துணைக்கும் அதே மானியத்தில் இடமுண்டு என்பதால் இதை நல்ல வடிவமாகவே கருதுகிறேன்.

ஆனால் கடப்பாட்டை நிர்வகிக்கும் முறை பழுதானால் அது உதவியாக இராது, தண்டனையாகிவிடும். பழங்குடியினருக்கு என்றில்லாமல் ஆசிரியராகப் படிப்போருக்குப் பொதுவாக வழங்கப்படும் டீச் என்ற மத்திய அரசு மானியத்தைப் பாருங்கள். ஆண்டுக்கு 4,000 டாலர் வரை தரும் அத்திட்டம், எட்டு ஆண்டுகளுக்குள் நான்கு ஆண்டுகள் ஆசிரியர் பற்றாக்குறை உள்ள பாடங்களை வறிய பகுதிப் பள்ளிகளில் கற்பிக்கக் கோருகிறது. உரிய பள்ளியில் உழைத்துக்கொண்டிருந்தவர்களே ஆண்டுச் சான்றுப் படிவம் சில நாள் தாமதமானதற்காகத் தம் மானியம் வட்டியுடன் கூடிய கடனாக மாறியதைக் கண்டார்கள். பெரும் எதிர்ப்புக்குப் பிறகே அத்தகைய வழக்குகளை மறுபரிசீலனை செய்யும் ஏற்பாடு வந்தது. அஞ்சலும் இணையமும் சீராக இல்லாத ஊர்களில் பணிபுரிபவர்களுக்கு இப்படிப்பட்ட விதி எவ்வளவு கொடியது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வெண்பனி:

இருவருக்கும் மிக்க நன்றி. கடப்பாட்டுக் காலம் முடிந்த மறுநாள் என்ன நடக்கிறது என்பதே இப்போது எனக்கு எழும் வினா. பட்டம் பெற்று ஊருக்குத் திரும்பியவர்கள் ஏன் பிறகு விலகுகிறார்கள்?

கீழ்வானம் (மறுமொழி):

இனுயிட் மக்கள் பெரும்பான்மையாக வாழும் கனடாவின் வடபகுதி ஆட்சிப்பகுதியான நுனாவுட்டில் ஆசிரியையாக இருந்தேன். எங்கள் பள்ளியில் தொடக்க வகுப்புகளை இனுயிட் மக்களின் இனுக்டிடுட் மொழியில் கற்பித்தவர் உள்ளூர் இனுயிட் ஆசிரியை ஒருவர். அம்மொழிவழிக் கல்வி நான்காம் வகுப்போடு அறுந்த நூலாக நின்றுவிட்டது; அதற்கு மேல் அம்மொழியில் கற்பிக்க ஆளில்லை. பாடநூல் போதாததால் இரவில் அவரே கதைகளை எழுதி, படம் வரைந்து, நகலெடுத்துக்கொண்டு காலையில் வருவார். மாலையில் ஒரு மாணவனின் குடும்பத்துக்கும் பள்ளிக்கும் இடையே மொழிபெயர்க்க அழைப்பார்கள். புதிதாக வந்த எங்களுக்கு ஊர் வழக்கங்களைச் சொல்லித் தருவதும் அவர் பொறுப்பே. இவற்றில் எதற்கும் அவருக்குத் தனி ஊதியமோ பாடவேளைக் குறைப்போ இல்லை.

வீடு இன்னொரு காரணம். வெளியூரிலிருந்து பணிக்கு வந்த எனக்கு அலுவலர் குடியிருப்பு கிடைத்தது. அவரோ உறவினர்களுடன் நெருக்கடியான பொதுக் குடியிருப்பில் வாழ்ந்தார். அங்கு வாடகை வருமானத்தைப் பொறுத்து ஏறுவதால், ஆசிரியர் ஊதியம் வந்ததும் வாடகையும் உயர்ந்தது. அதே கல்வித் தகுதியுடன் அரசு அலுவலகத்தில் வேலை காத்திருக்கும்போது, அவர் போய்விட்டார் என்று யார் குறைசொல்ல முடியும்? அரசுத் துறைகள் இத்தகைய ஆசிரியர்களையும் ஈர்த்துக்கொள்கின்றன.

இதன் விளைவை நுனாவுட்டின் சட்டத்திலேயே காணலாம். 2019–20 கல்வியாண்டுக்குள் எல்லா வகுப்புகளிலும் இனுயிட் மொழிவழிக் கல்வி வேண்டும் என்று 2008-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் விதித்தது. போதிய ஆசிரியர்கள் இல்லாததால், 2020-இல் திருத்தம் கொண்டுவந்து அந்தக் காலக்கெடுவை 2039 வரை தள்ளினார்கள். நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரியின் ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஊர்களிலேயே வகுப்புகளை நடத்துகிறது; அது மிக நல்ல முயற்சி. ஆயினும் ஆண்டுதோறும் வெளிவரும் பட்டதாரிகளின் எண்ணிக்கை சிறிது. அவர்களிலும் பலரை வகுப்பறை இழந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியாவையும் உங்கள் ஆய்வில் சேர்த்துக்கொள்ளுங்கள். பழங்குடி ஆசிரியர்களின் எண்ணிக்கையைப் பெருக்க மட்சிட்டி என்ற தேசிய முயற்சி நடந்த காலத்தில் அங்குள்ள பழங்குடி, டோரஸ் நீரிணைத் தீவு ஆசிரியர்களின் எண்ணிக்கை 2012-இல் 2,661 ஆக இருந்து 2015-இல் 3,100 ஆயிற்று. அந்த முயற்சி காலவரையறைக்கு உட்பட்ட நிதியில் நடந்தது. நிதி முடிந்ததும் முயற்சியும் முடிந்தது. நிதியின் கால அளவையும் ஆசிரியர்கள் பணியில் தங்கிய கால அளவையும் ஒரே அட்டவணையில் வைத்துப் பார்ப்பதே உங்கள் ஆய்வேட்டுக்கு நான் பரிந்துரைக்கும் முதல் வேலை. அடுத்ததாக, பணியை விட்டு விலகியவர்களையே நேரில் கண்டு பேசுங்கள். பணியில் இருப்பவர்களிடம் மட்டும் எடுத்த கருத்தாய்வுகளில் வீட்டு வாடகை பற்றிய பேச்சே வராமல் போகலாம்.