பிளானிங் அப்பீல் ஹியரிங்: போனவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

லண்டனில் எங்கள் வீட்டை இரண்டு பிளாட்டாகப் பிரிக்கக் கேட்ட அனுமதியைப் பார்க்கிங் நெருக்கடி என்று சொல்லி கவுன்சில் மறுத்துவிட்டது. 6 மாதக் கெடுவுக்குள் இந்த அப்பீல்களை முடிவு செய்யும் அரசு அமைப்பான பிளானிங் இன்ஸ்பெக்டரேட்டுக்கு அப்பீல் போட்டோம், அடுத்த மாதம் ஹியரிங். இந்த நேரம் பார்த்து எங்களுக்காகப் பேச வேண்டிய ஏஜென்ட் கழன்றுகொண்டார், நான்தான் போய்ப் பேச வேண்டும்.

அரசு வழிகாட்டியைப் படித்துவிட்டேன். கோர்ட் மாதிரி குறுக்கு விசாரணை கிடையாது, அதெல்லாம் இதைவிட முறைப்படியான இன்குவைரியில்தான். இங்கே மேசையைச் சுற்றி உட்கார்ந்து, அப்பீலை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் கேட்கக் கேட்கப் பேசுவது, தேவைப்பட்டால் அப்புறம் இடத்தையும் வந்து பார்ப்பார். சரி, அது புரிகிறது. எங்கள் வாதங்களை எழுத்தில் அப்பீலோடு அனுப்பியாச்சு, கவுன்சிலோடு ஒத்துப்போகும் விஷயங்களின் பட்டியலும் கொடுத்தாச்சு.

சிக்கல் இதுதான்: தெருவில் இரவு 10 மணிக்கு மேலும் இடம் காலியாக இருப்பதை இப்போதுதான் ஒரு வாரம் படமெடுத்தேன், அனுப்பிய ஆவணங்களில் அது இல்லை. இன்ஸ்பெக்டரேட்டில் எங்கள் கேஸைப் பார்க்கும் அதிகாரிக்கு இரண்டு தடவை மெயில் போட்டும் பதில் இல்லை, தாமதமாக வரும் ஆதாரத்தைத் திருப்பி அனுப்பிவிடலாம் என்று மட்டும் வழிகாட்டியில் இருக்கிறது.

இப்படிக் கடைசி நேரத்தில் கொடுத்த படங்களை உங்கள் ஹியரிங்கில் இன்ஸ்பெக்டர் ஏற்றுக்கொண்டாரா?