பாயில் உட்காரும் பிள்ளைகளுக்கு நிலநடுக்கப் பயிற்சி எப்படிக் கொடுக்க?

பொதிகை டீச்சர்:
அம்பாசமுத்திரம் பக்கம் ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 2024 செப்டம்பரில் இங்கே நிலம் அதிர்ந்ததாகச் சொல்லி ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள் இல்லையா, அதிலிருந்து குவாரியில் வெடி போட்டாலும் பிள்ளைகள் "டீச்சர், பூகம்பமா?" என்கிறார்கள். சொல்லிக்கொடுக்கலாம் என்று வீடியோ தேடினால் எல்லாவற்றிலும் மேசைக்கு அடியில் போகச் சொல்கிறார்கள். எங்கள் வகுப்பில் இருப்பது ஒரே மேசை, அதுவும் என்னுடையது. பிள்ளைகளைப் பயமுறுத்தாமல் என்ன சொல்லிக்கொடுக்க?

மேலப்பாளையத்தான்:
மேசை இல்லாவிட்டால் உள்பக்கச் சுவர் மூலையில் முட்டிபோட்டுக் குனிந்து, தலையையும் பிடரியையும் கையால் மூடிக்கொள்ள வேண்டும், கைப்பக்கம் பை இருந்தால் அதைத் தலைமேல் வைக்கலாம். ஜன்னல், பீரோ, ஃபேன் இருக்கிற இடத்தைவிட்டு விலகி இருக்கணும். பிள்ளைகளுக்குச் சொல்லும் முன்னால் அந்த பீரோவைச் சுவரோடு சேர்த்து முடுக்கச் சொல்லுங்க டீச்சர், அது பெரியவங்க வேலை. அப்புறம், "வெளியே ஓடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் அஞ்சார் ஊரில் குடியரசு தின ஊர்வலம் போன பள்ளிப் பிள்ளைகள் வெளியேதான் இருந்தார்கள், குறுகலான தெரு, இரண்டு பக்கமும் வீடுகள் சரிந்து அவர்கள் மேலேயே விழுந்தன. ஆட்டம் நின்ற பிறகு வரிசையாக மைதானத்துக்கு வரணும், அங்கேயும் காம்பவுண்டு சுவர், தண்ணீர் டேங்க், கரண்டு கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. வந்ததும் தலையை எண்ணுங்கள். பின்னதிர்வு வரலாம், மறந்த பையை எடுக்க ஒருத்தரையும் உள்ளே விடாதீர்கள்.

உவரிக்காரி:
எங்க பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கடலையும் சேர்த்துச் சொல்லணும் அக்கா. 2004 டிசம்பர் 26 அன்று நிலம் ஆடியது சுமத்ரா பக்கம், நம்ம கரைக்கு அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆச்சு. அதனால் காலுக்குக் கீழே ஆடினால்தான் ஆபத்து என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாது. கடல் திடீரென்று உள்வாங்கினால் சிப்பி பொறுக்கப் போகாமல் மேட்டுக்கு ஓடு, இது ஒன்று மனசில் பதிந்தாலே போதும். அன்றைக்குத் தாய்லாந்தின் புக்கெட்டில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயதுப் பெண், பள்ளியில் படித்ததை வைத்தே அலை வரப்போகிறது என்று சொல்லி, கடற்கரையில் இருந்தவர்களைக் காப்பாற்றினாள்.

பொதிகை டீச்சர்:
நன்றி இருவருக்கும். பீரோ விஷயத்தை நாளைக்கே தலைமையாசிரியரிடம் பேசுகிறேன். பெல் அடித்துப் பயிற்சி நடத்தினால் இன்டர்வெல் என்று ஓடிவிடுவார்களே?

மேலப்பாளையத்தான்:
பெல்லே வேண்டாம், தாம்பாளத்தைத் தட்டுங்கள், சத்தம் நிற்கிறவரை குனிந்தே இருக்கணும் என்று விளையாட்டாக வையுங்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஆளுக்கு ஒரு சின்னப் பிள்ளையைக் கைபிடித்து மைதானத்துக்குக் கூட்டிவரட்டும். ஜப்பானின் கமாய்ஷி என்ற கடற்கரை ஊரில் 2011 மார்ச் 11 அன்று சுனாமி வந்தபோது நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் தொடக்கப் பள்ளிச் சின்னதுகளைக் கைபிடித்துத்தான் மேட்டுக்கு ஓடினார்கள், முன்னாலேயே பழகியிருந்ததால் முடிந்தது. மாவட்டப் பேரிடர் எண் 1077, சுவரில் பெரிதாக எழுதிப்போடுங்கள்.