பழைய ஹைலக்ஸ் பிக்அப்: புதுப்பிப்பு

1983 டொயோட்டா ஹைலக்ஸ் நாலு சக்கர இயக்க பிக்அப்பைத் தினமும் ஓட்டத் தோதாக மாற்றுவது பற்றி முன்பு எழுதியிருந்தேன். எஞ்சினையே மாற்றிவிடு என்றுதான் பலரும் சொன்னீர்கள். மாற்றவில்லை. வண்டியோடு வந்த 2.4 லிட்டர் 22ஆர் எஞ்சின், கார்புரேட்டரோடு அப்படியே இருக்கிறது. மலையேற்றத்தில் மூச்சு வாங்கும், வாங்கட்டும்.

பவர் ஸ்டீயரிங் வந்தாயிற்று. ஸ்டீயரிங் கியர் பெட்டி உட்காரும் இடத்தில் சேஸிக்குத் தடித்த தகடு வைத்து வெல்டு செய்தோம். இல்லையென்றால் பெரிய டயர் இழுக்கும் இழுப்பில் அங்கேதான் விரிசல் விடும்.

அதிக நேரம் தின்றது ஹெட்லைட். பேட்டரி மின்சாரத்தை நேராக விளக்குக்கு விடும் ரிலே போட்டதும் வெளிச்சம் பளிச்சென்று வந்தது, ஆனால் டாஷ்போர்டில் உள்ள ஹை பீம் காட்டி விளக்கு மட்டும் எரியவில்லை. இந்த வண்டிகளில் பல்புக்கு நேர்மின் நேராக வரும். டிப் சுவிட்ச் துண்டிப்பது எர்த்தை. கடையில் கிடைக்கும் பொதுவான ரிலே கிட்டுக்கு இது தெரியாது. காட்டியின் வயரைத் திருப்பிப் போட்டதும் சரியானது.

நாலு சக்கர இயக்கத்துக்காக முன் சக்கரங்களை அச்சோடு இணைக்கும் ஹப் பூட்டு கையால் திருப்புவதுதான். மழையில் இறங்கித் திருப்ப அலுப்பாக இருக்கும், ஆனாலும் அதை மாற்றப்போவதில்லை. அடுத்து மூன்று முனை சீட் பெல்ட்.