தோள்சீலைப் போராட்டத்தைப் படிக்க ஃபூக்கோ எதற்கு?

மார்த்தாண்டம்_மாணவன்:
ஆய்வேட்டுக்குத் தோள்சீலைப் போராட்டத்தை, அதாவது 19ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்தும் உரிமைக்காக நடந்த போராட்டத்தை, எடுத்திருக்கிறேன். அதைப் பற்றிய மிஷனரிக் குறிப்புகளை, அதிகாரம் அறிவு வழியாகவும் உடம்பின் மீதும் எப்படி வேலை செய்கிறது என்று எழுதிய பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஃபூக்கோ வழியாகப் படி என்கிறார் நெறியாளர். கூடப் படிக்கிறவனோ, பாரிஸில் எழுதியதை வைத்து நம்ம ஊர்க் கதையை அளப்பதே காலனிய வேலைதான் என்று அடித்துச் சொல்கிறான். பின்அமைப்பியலுக்கும் (நிலையான அர்த்தம், எல்லாருக்கும் பொதுவான உண்மை என்பவற்றைச் சந்தேகித்த ஃபூக்கோ போன்றவர்களின் சிந்தனை) பின்காலனியத்துக்கும் (காலனி ஆட்சி விட்டுப்போன அதிகாரத்தையும் பார்வையையும் விசாரிக்கும் ஆய்வு) உண்மையில் என்ன உறவு? தெரிந்த அண்ணன்மார், அக்காமார் சொல்லுங்கள்.

தக்கலைக்காரன்:
தம்பி, அந்தப் பாரிஸ்காரர்களில் பலர் வட ஆப்பிரிக்கா வழியாக வந்தவர்கள். எழுத்தில் அர்த்தம் நிலையாக நிற்பதில்லை என்று காட்டிய தெரிதா 1930இல் அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸை ஒட்டிய எல் பியாரில் பிறந்த யூதர், நாஜிகளோடு ஒத்துழைத்த பிரான்ஸின் விஷி அரசின் யூத விரோதச் சட்டத்தால் 1942இல் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்டவர். பெண்ணிய எழுத்தாளர் சிக்ஸு பிறந்தது அல்ஜீரியாவின் ஓரானில். தத்துவவாதி லியோதார் அதே நாட்டின் கான்ஸ்டன்டீனில் பாடம் எடுத்தார், ஃபூக்கோ 1966 முதல் 68 வரை துனிஸில். மனித உரிமை பேசிய அதே பிரான்ஸ், தன் காலனியான அல்ஜீரியாவின் விடுதலைப் போரில் (1954–62) சித்திரவதை செய்ததைப் பார்த்த தலைமுறை அது. ஆனால் துனிஸில் இருந்தும் ஃபூக்கோ காலனியத்தைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதவில்லை. அறிவும் அதிகாரமும் பிணைந்தவை என்ற அவர் கருத்தை எடுத்து, மேற்கு தனக்கு எதிராகக் கிழக்கை எப்படி வரைந்து வைத்தது என்று காட்டி, 1978இல் 'ஓரியன்டலிசம்' நூலில் அந்த வேலையைச் செய்தவர் பாலஸ்தீன அமெரிக்க அறிஞர் எட்வர்ட் சயீத்.

கடற்கரை_வாசகி:
சயீத் சரி, இந்தியாவில் பிறந்த பின்காலனியச் சிந்தனையாளர் காயத்ரி ஸ்பிவாக்கை விட்டுவிடாதே. 1976இல் தெரிதாவை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த அவரே, ஒடுக்கப்பட்டவர் பேச முடியுமா என்று கேட்கும் 1988 கட்டுரையில் ஃபூக்கோவையும் இன்னொரு பிரெஞ்சுத் தத்துவவாதியான தெலூஸையும் பிடித்து உலுக்குகிறார். ஒடுக்கப்பட்டவர்கள் தாங்களே பேசிக்கொள்வார்கள் என்று சுலபமாகச் சொல்லிவிட்டு, அப்படிச் சொல்கிற தாங்கள் எங்கே நிற்கிறோம் என்பதை இவர்கள் மறைத்துவிடுகிறார்கள் என்பது அவர் புகார். கணவன் சிதையில் மனைவியை எரிக்கும் சதி வழக்கத்துக்கு வெள்ளையர் விதித்த தடை பற்றிய ஆவணங்களில் வெள்ளைக்காரன் பேசுகிறான், பண்டிதரும் பேசுகிறார், அந்தப் பெண்ணின் குரல்தான் கிடைப்பதில்லை.

இதை 1859 திருவிதாங்கூர் அரசாணையில் வைத்துப் பார். நாடார் பெண்கள் கிறிஸ்தவப் பெண்களைப் போலக் குப்பாயம் (மேல்சட்டை) போடலாம், இல்லையென்றால் மீனவரான முக்குவப் பெண்கள் மாதிரி முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப் போல மட்டும் உடுத்தக் கூடாது. கொடுக்கிற அனுமதிக்குள்ளேயே யார் உடம்பில் எந்தத் துணி என்று அளந்து வைத்திருக்கிறார்கள் பார்த்தாயா, ஃபூக்கோ உதவுகிற இடம் இதுதான். உடுத்தியவள் என்ன நினைத்தாள் என்பதற்கு அவரிடம் போகாதே.

சாமித்தோப்பு_பக்கம்:
மக்கா, மிஷனரிக் காகிதத்தோடு நின்றுவிடாதே. சயீதின் மேற்கு–கிழக்குக் கோடு நம்ம ஊரில் நேராக விழாது. குப்பாயத்துக்குத் துணை நின்றது வெள்ளைக்கார மிஷனரி, கிழித்தது உள்ளூர் மேல்சாதி, மகாராஜாவுக்கு ஆலோசனை சொல்ல மேலே ஆங்கில ஆட்சியின் பிரதிநிதியான ரெசிடென்ட். அய்யா வழியின் புனித நூலான அகிலத்திரட்டைத் திறந்தால் வெள்ளையன் வெண்நீசன், திருவிதாங்கூர் மன்னன் கலிநீசன், இரண்டு பேருக்கும் ஒரே ஏச்சு. தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடு என்று ஆண்களுக்குச் சொன்ன, அய்யா வழியைத் தொடங்கிய வைகுண்டரை திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்துப் போட்டார்களே, அதையும் எந்தப் பிரெஞ்சுக்காரரையும் கேட்காமலே எழுதலாம். அதற்கு ஒரு அத்தியாயம் கேள். பக்கம் அதிகம் என்று நெறியாளர் முறைத்தால் லியோதாரை வெட்டு, யாரும் அழ மாட்டார்கள்.