பத்துத் தோட்டாவா, பதினைந்தா: சட்டைக்குள் மறையும் கைத்துப்பாக்கியைத் தேர்ந்த அனுபவங்கள்

ஹூஸ்டனிலிருந்து

2019 ஆகஸ்டில் ஓர் இரவு, ஹூஸ்டனுக்கு மேற்கே நான் நடத்தும் மளிகைக் கடையைப் பூட்டிவிட்டு, அன்றைய வசூலைக் காரில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டவன், வழியில் பெட்ரோல் போட நிறுத்தினேன். ஓர் இளைஞன் எதிரே வந்து மணி கேட்டான். பதில் சொல்ல வாய் திறந்தபோதே, இன்னொருவன் காரின் பின்பக்கமாகச் சுற்றி என் வலப்புறம் வருவதைக் கண்டேன். துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிம அட்டை என் சட்டைப்பையில் இருந்தது. பதினைந்து தோட்டா கொள்ளும் க்ளாக் 19 கைத்துப்பாக்கி காருக்குள், இருக்கைகளுக்கு நடுவே இருந்த பெட்டியில் கிடந்தது. இருவரையும் பார்த்தபடியே வெளிச்சமான கடை வாசல் வரை பின்வாங்கிச் சென்றேன். உள்ளே ஆட்கள் இருந்ததைக் கண்டதும் அவர்கள் சாலைப் பக்கம் நடந்து போய்விட்டார்கள். அவர்கள் என்ன நினைத்து வந்தார்கள் என்பதை இன்றும் என்னால் உறுதியாகச் சொல்ல இயலாது. ஆனால், வாங்கிய துப்பாக்கி ஏன் இடுப்பில் இல்லை என்ற கேள்வி அன்று முதல் என்னை விடவில்லை.

அதற்கான விடையை நான் ஏற்கெனவே அறிந்திருந்தேன். தோட்டாக்களோடு அந்தத் துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 855 கிராம். ஹூஸ்டன் கோடையின் புழுக்கத்தில் மெல்லிய அரைக்கைச் சட்டைக்கு மேல் எதையும் போட முடியாது. கடையில் அரிசி மூட்டையை எடுக்கக் குனியும்போதெல்லாம், துப்பாக்கியின் பிடி முதுகுப்புறச் சட்டையைக் கூடாரம் போலத் தூக்கி நிறுத்தியது. வாடிக்கையாளர் ஒருவரின் பார்வை இரண்டு முறை அங்கேயே நிலைத்ததைக் கண்ட பிறகு, கடைக்குள் வேண்டாம் என்று காரில் வைக்கத் தொடங்கினேன். இரண்டே மாதத்தில் அது காரிலேயே தங்கிவிட்டது. காரை உடைத்துத் திருடுபவனுக்கு அதை நானே எடுத்து வைத்திருக்கிறேன் என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. 15 என்ற எண்ணைப் பார்த்து வாங்கினேனே தவிர, அதை நாள் முழுவதும் சுமக்கப்போகும் உடம்பை நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அதன் பிறகு, எது மறைகிறது, எது மறைவதில்லை என்பதைக் கண்ணாடி முன் நின்று பல நாள் சோதித்தேன். குழலின் நீளம் நான் அஞ்சிய அளவுக்குத் தொல்லை தரவில்லை. அது காற்சட்டைக்குள் கீழ்நோக்கி இறங்கிவிடுகிறது. சொல்லப்போனால், சற்று நீண்ட குழல் தொடையோடு ஒட்டி நின்று, மேற்பகுதி வெளியே சாயாமல் தாங்கவும் செய்கிறது. காட்டிக்கொடுப்பது பிடிதான். அது இடுப்புக்கு மேலே, உடம்புக்குக் குறுக்காக நீட்டிக்கொண்டு நிற்கிறது. தோட்டாக்கள் அடுக்கப்படும் மேகசினும் அந்தப் பிடிக்குள்தான் இருக்கிறது. எத்தனை தோட்டா கொள்ளும், எவ்வளவு மறையும் என்ற இரண்டு கேள்விகளும் அதே பத்துப் பதினோரு சென்டிமீட்டரில் வந்து மோதிக்கொள்கின்றன. ஆகவே கடையில் துப்பாக்கியைப் பார்க்கப் போகிறவர்கள் குழலின் நீளத்தைக் கேட்பதற்கு முன், மேகசினோடு சேர்ந்த மொத்த உயரத்தையும் பிடியின் தடிமனையும் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

நான் அடுத்து வாங்கியது சிக் பி365. அது வந்த 2018-க்கு முன்பு, மெல்லிய துப்பாக்கி வேண்டுமென்றால் தோட்டாக்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஒற்றை வரிசையில் ஏறும் மேகசினைத்தான் ஏற்க வேண்டியிருந்தது. 2015-இல் வந்த க்ளாக் 43-இல் ஆறு, 2012-இல் வந்த ஸ்மித் அண்ட் வெஸன் ஷீல்டில் ஏழு அல்லது எட்டு. இரட்டை வரிசை மேகசினில் தோட்டாக்கள் இடமும் வலமுமாக மாறி மாறி அமர்வதால் அதே உயரத்தில் கூடுதலாகக் கொள்ளும். ஆனால் பிடி தடித்துவிடும். பி365-இன் மேகசினில் தோட்டாக்கள் முழு இரட்டை வரிசையாக விரியாமல் நெருக்கமாகச் சாய்ந்து அமர்ந்து, மேலே போகப் போக ஒற்றை வரிசையாகக் குறுகுகின்றன. அதனால் ஓர் அங்குலத்தையொட்டிய தடிமனிலேயே பத்துத் தோட்டா அடங்கியது. அடுத்த ஆண்டே ஹெல்கேட் என்ற துப்பாக்கி பதினொன்றோடு வந்தது. 2021-இல் ஷீல்ட் பிளஸ் பத்தும் பதின்மூன்றும் கொள்ளும் மேகசின்களோடு வந்தது. க்ளாக் 19-ஐவிட பி365 உயரத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் குறைவு. கேட்பதற்கு அற்பமாகத் தோன்றும் இந்த இரண்டு சென்டிமீட்டர்தான் என் சட்டையில் கூடாரம் எழாமல் காத்தது.

இழந்ததையும் சொல்லிவிடுகிறேன். சுண்டுவிரல் பிடிக்குக் கீழே காற்றில் தொங்குகிறது. எடை குறைந்ததால் உதைப்பு கூர்மையாக இருக்கிறது. பழைய துப்பாக்கியில் ஒரே அமர்வில் 150 தோட்டா சுட்டவனுக்கு இதில் 60-க்கு மேல் உள்ளங்கை வலித்தது. உரிமத் தேர்வில் 3, 7, 15 கெஜ தூரங்களில் மொத்தம் 50 தோட்டா சுட வேண்டும். 250 புள்ளிக்கு 175 எடுத்தால் தேர்ச்சி. அதே தேர்வைச் சிறிய துப்பாக்கியோடு நானே மறுபடி எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் ஏழிலும் வேறுபாடு தெரியவில்லை. பதினைந்தில் குண்டுகள் தாளெங்கும் சிதறின. மாதம் இருமுறை பயிற்சி செய்து அதைச் சீராக்க எனக்கு நான்கு மாதம் பிடித்தது. அந்த உழைப்புக்கு மனமில்லாதவர் இவ்வளவு சிறிய துப்பாக்கியை வாங்க வேண்டாம்.

விரலுக்கு இடம் தரும் 12 தோட்டா மேகசினை மாட்டினால் சுடுவது எளிதாகிறது, ஆனால் பிடி நீண்டு பழைய கூடாரம் திரும்பி வருகிறது. ஆகவே துப்பாக்கியில் பத்துத் தோட்டா மேகசின், இடது பையில் மாற்றாகப் பன்னிரண்டு தோட்டா மேகசின். இந்த மாற்று மேகசினை எண்ணிக்கைக்காக மட்டும் நான் சுமக்கவில்லை. பயிற்சிக் கூடத்தில் ஒருமுறை மேகசினின் உதடு, அதாவது மேல் விளிம்பு, வளைந்து இரண்டு தோட்டாக்கள் ஒன்றாக மேலேறிச் சிக்கிக்கொண்டன. அந்த மேகசினைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகும் வரை, உள்ளே எத்தனை தோட்டா இருந்தாலும் கையில் இருந்தது ஓர் இரும்புத் துண்டுதான்.

நியூ ஜெர்சியிலிருந்து

அண்ணா, உங்கள் கணக்கு டெக்சஸுக்குப் பொருந்தும். எங்கள் ஊரில் பாதிக் கேள்வியைச் சட்டமே முடித்துவிட்டது. இங்கு 2018-இல் மேகசினின் வரம்பை 15-இலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். 2022 ஜூனில் புரூயன் வழக்கில், சிறப்புத் தேவையை நிரூபிக்கச் சொல்லக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் வரை எங்களைப் போன்ற சாதாரண மக்களுக்கு எடுத்துச் செல்லும் அனுமதி கிடைப்பதே அரிது. அனுமதி கிடைத்ததும் நானும் க்ளாக் 19-தான் வாங்கினேன், பத்துத் தோட்டாவுக்கு மட்டுப்படுத்திய மேகசினோடு. மூன்று மாதம் கழித்துத்தான், பதினைந்துக்கான பிடியைச் சுமந்துகொண்டு பத்தைத்தான் பெறுகிறேன் என்பது எனக்கு உறைத்தது. இப்போது இடுப்பில் இருப்பது க்ளாக் 43எக்ஸ். அதன் இயல்பான மேகசினே பத்துதான், தடிமனும் குறைவு.

1994 முதல் 2004 வரை நாடு முழுவதற்கும் இத்தகைய 10 தோட்டா வரம்பு, புதிதாகத் தயாராகும் மேகசின்களுக்கு இருந்தது. பத்துக்கு மேல் போட முடியாது என்னும்போது பெரிய பிடி எதற்கு என்ற எண்ணம் வாங்குவோருக்கு எழுவது இயல்புதானே. பத்துத் தோட்டா கொள்ளும் க்ளாக் 26 அந்தக் காலத்தில்தான் மக்களிடம் பரவியது. குட்டையான அதன் பிடிக்குள் க்ளாக் 19-இன் மேகசினும் பொருந்தும் என்பது இன்னொரு வசதி.

எனக்கு நேர்ந்ததையும் எழுத வேண்டும். பென்சில்வேனியாவில் இருக்கும் உறவினர், அந்த மாநில உரிமத்தோடும் 15 தோட்டா மேகசினோடும் எங்கள் வீட்டு வளைகாப்புக்கு வரக் கிளம்பினார். டெலவேர் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அவருடைய உரிமமும் செல்லாது, மேகசினை வைத்திருப்பதே தனிக் குற்றம். முந்தின இரவு பேச்சுவாக்கில் தெரிந்ததால் அனைத்தையும் வீட்டுப் பெட்டகத்தில் வைத்துவிட்டு வந்தார். மாநில எல்லையைக் கடக்கிறவர்கள் இதைத் தயவுசெய்து முன்கூட்டியே பாருங்கள். கொலராடோவில் வரம்பு 15, டெலவேரில் 17, கலிபோர்னியாவில் 10.

டாலஸிலிருந்து

நான் செவிலியர். இந்த விவாதங்களில் எல்லாரும் இடுப்புப் பட்டையை அணிந்திருப்பதாகவே வைத்துக்கொண்டு பேசுகிறார்கள். நான் அணியும் பணி உடையில் நாடாதான் இருக்கிறது, வீட்டிலும் கோயிலிலும் அணிவது சுடிதார். ஆகவே வயிற்றைச் சுற்றும் எலாஸ்டிக் பட்டையில், சுடும் விசையை முழுவதும் மூடும் கடினமான உறை வைத்துத்தான் என்னால் எடுத்துச் செல்ல முடிகிறது. மருத்துவமனைக்குள் எடுத்துச் செல்வதில்லை. காரில் சங்கிலியிட்ட இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டுப் போகிறேன்.

முதலில் வாங்கியது ஐந்து தோட்டா ரிவால்வர், ஸ்மித் அண்ட் வெஸன் 642. எடை 425 கிராம் அளவில்தான். அதை அணிந்திருப்பதே பல நாள் மறந்துவிடும். 2020 டிசம்பரில் இரவுப் பணி முடித்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் தபால் பெட்டிகளுக்கு அருகே நின்றபோது, முன்பின் தெரியாத ஒருவன் என் பின்னாலேயே வந்து வழியை மறித்து நின்றான். "அங்கேயே நில்லுங்கள்" என்று உரக்கச் சொன்னேன். கை குர்த்தாவின் ஓரத்தில் இருந்தது, துப்பாக்கியை எடுக்கவில்லை. அவன் கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் திரும்பிப் போனான். அந்தச் சில நொடிகளில் எனக்குள் ஓடிய எண்ணம், ஐந்து தோட்டா போதுமா என்பதன்று. இந்த ஐந்தில் ஒன்றையாவது நான் குறி தவறாமல் சுடுவேனா என்பதுதான். அந்த விசையை இழுக்க ஐந்து கிலோவுக்கும் மேல் அழுத்தம் வேண்டும். என் விரலுக்கு அது எந்நாளும் சீராக வசப்படவில்லை.

அடுத்த மாதமே .380 என்னும் அளவுத் தோட்டா பாயும் ஷீல்ட் ஈஸி-க்கு மாறினேன். எட்டுத் தோட்டா, ஒற்றை வரிசை, பின்னால் இழுப்பதற்கு எளிதான மேற்பகுதி. அண்ணன்மார் சொன்ன துப்பாக்கிகளின் 9 மிமீ தோட்டாவைவிட அதற்கு வலு குறைவு என்பதை அறிந்தே எடுத்தேன். ஹூஸ்டன் அண்ணா பிடியின் உயரத்தை முதலில் பார்க்கச் சொல்கிறார்; இதன் பிடி அவருடையதைவிட நீளமானது. ஆனாலும் தளர்ந்து விழும் குர்த்தாவுக்குள் நீளம் தெரிவதில்லை, தடிமன்தான் தெரிகிறது. சுண்டுவிரல் உட்பட முழுக் கையும் பிடியில் அமர்வதால் ஏழு கெஜத்தில் எட்டும் உள்ளங்கை அளவுக்குள் விழுகின்றன. பெண்களுக்குச் சின்னதாக ஒன்று கொடுங்கள் என்று கடைக்காரரிடம் கேட்கும் அண்ணன்மார் இதைக் கவனிக்க வேண்டும். மிகச் சிறியது சுடுவதற்கு மிகக் கடினமானது.

மீண்டும் ஹூஸ்டனிலிருந்து

தங்கை சொல்வது சரி. நான் அளந்தது பட்டையும் அரைக்கைச் சட்டையும் அணியும் ஆணின் உடம்பை மட்டும் வைத்து. உடைக்கேற்ப உயரமா தடிமனா என்பது மாறும் என்பதை ஏற்றுக்கொள்கிறேன். வேட்டி கட்டும் நாட்களில் எனக்கும் வழியில்லை. அன்று அது வீட்டுப் பெட்டகத்தைவிட்டு வெளியே வருவதில்லை.

தனி மடலில் இரண்டு தம்பிகள் கேட்டிருந்தார்கள், ஆகவே பொதுவிலேயே சொல்கிறேன். எச்-1பி, எஃப்-1 போன்ற விசாக்களில் வந்திருப்பவர்கள் துப்பாக்கியையும் தோட்டாவையும் வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. டெக்சஸில் 2021 செப்டம்பர் முதல் உரிமமின்றி எடுத்துச் செல்லலாம் என்ற மாநிலச் சட்டம் அந்தத் தடையை நீக்காது. பச்சை அட்டை வரும் வரை பொறுத்திருங்கள், அல்லது வழக்கறிஞரைக் கேளுங்கள்.

வாங்க முடிந்தவர்களுக்கு: முடிவெடுக்கும் முன், தோட்டா இல்லாத துப்பாக்கியை, இருமுறை திறந்து பார்த்துக்கொண்டு, நீங்கள் உண்மையில் அணியும் உடையோடு வீட்டுக்குள் ஒரு வாரம் கட்டிப் பாருங்கள். உட்காருங்கள், செருப்பு மாட்டக் குனியுங்கள், மேல் தட்டிலிருந்து பாத்திரம் எடுங்கள். எனக்கு ஏழாம் நாள் பி365 இடுப்பிலேயே இருந்தது. க்ளாக் 19-ஐ மூன்றாம் நாள் மதியமே கழற்றி வைத்துவிட்டேன்.