பழைய பிபிஎஃப் கணக்கை வங்கிக்கு மாற்றலாமா? டெபாசிட் பணத்தை எங்கே சேர்ப்பது?

கேள்வி (பள்ளி ஆசிரியை, பாபநாசம் வட்டம்)

வணக்கம். 2013 ஜூனில் எங்கள் ஊருக்கு அருகிலுள்ள அஞ்சலகத்தில் பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்குத் தொடங்கி, ஆண்டுதோறும் இருபதாயிரம் ரூபாய் செலுத்தி வருகிறேன். இப்போது கும்பகோணத்தில் குடியிருப்பதால் சம்பளம் வரும் வங்கிக்கே அக்கணக்கை மாற்ற விரும்புகிறேன். பழையதை முடித்துவிட்டு வங்கியில் புதிதாகத் தொடங்குவதே எளிது என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுச் சேர்த்த 4 லட்சம் ரூபாய் வங்கி டெபாசிட்டாக இருக்கிறது. வரும் மாசியில் அது முதிர்கிறது. விவசாயப் பணம் என்பதால் அதன் வட்டிக்கும் வரியில்லை என்று என் கணவர் கருதுகிறார். மகளுக்கு ஏழு வயது. என்ன செய்வது நல்லது?

மறுமொழி (ஓய்வுபெற்ற அஞ்சலகப் பணியாளர், கும்பகோணம்)

அம்மா, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கணக்கை முடிக்காதீர்கள். கடும் நோய், மேற்படிப்பு போன்ற சில காரணங்களுக்காக மட்டுமே பிபிஎஃப் கணக்கை இடையில் முடிக்க முடியும். அப்போதும் வட்டியில் 1 விழுக்காடு குறையும். ஒருவர் தம் பெயரில் ஒரே ஒரு பிபிஎஃப் கணக்குதான் வைத்திருக்கலாம் என்பதால், வங்கியில் இரண்டாவதாக ஒன்றைத் தொடங்குவதும் சரியன்று. தொடங்கிய நிதியாண்டின் முடிவிலிருந்து பதினைந்து ஆண்டுகள் என்ற கணக்கில், உங்களுடையது 2029 மார்ச் இறுதியோடு முதிர்கிறது. இப்போது போடும் பணமும் அப்போதே கைக்கு வரும். புதிய கணக்கென்றால் மீண்டும் பதினைந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அந்தப் பழைய தேதிதான் உங்கள் கணக்கின் பெரிய மதிப்பு.

பாஸ்புக்கில் எல்லா வரவுகளையும் பதிந்து வாங்கி ஒரு நகல் வைத்துக்கொண்டு, வங்கிக் கிளையின் முழு முகவரியுடன் அஞ்சலகத்தில் மாற்றல் விண்ணப்பம் கொடுங்கள். கணக்கின் சான்றளித்த நகல், மாதிரிக் கையொப்பம், வாரிசு நியமனப் படிவம், இருப்புத் தொகைக்கான காசோலை ஆகியவற்றை அஞ்சலகமே வங்கிக்கு அனுப்பும். வங்கி தன் பங்குக்குப் புதிய விண்ணப்பமும் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) ஆவணங்களும் கேட்கும். என் உறவினர் ஒருவர் மாற்றியபோது, மாற்றிய நாளையே கணக்குத் தொடங்கிய நாளாக வங்கி பதிந்துவிட்டது. நகல் கையில் இருந்ததால்தான், பல நடை நடந்தாவது, அதைத் திருத்த முடிந்தது. ஆகவே புதிய பாஸ்புக் வந்ததும் தொடக்க நாளையும் வாரிசு நியமனத்தையும் உடனே சரிபாருங்கள்.

மறுமொழி (வரிக் கணக்கர், மன்னார்குடி)

நெல் விற்ற வருமானத்துக்கு வரியில்லை என்பது உண்மை. ஆனால் அந்தப் பணத்தை டெபாசிட்டில் போட்டபின் வரும் வட்டி விவசாய வருமானம் ஆகாது; அது சம்பளத்தோடு சேர்த்துக் கணக்கிடப்படும். டெல்டாவில் பல குடும்பங்கள் இங்கேதான் தவறுகின்றன. 7 விழுக்காடு தரும் டெபாசிட், 20 விழுக்காட்டு வரி அடுக்கில் இருப்பவருக்கு வரியும் அதன்மேல் வரும் செஸ் என்ற கூடுதல் வரியும் போக ஏறக்குறைய 5.5 விழுக்காடுதான் தரும். பிபிஎஃப் வட்டி 2020 ஏப்ரலில் 7.1 ஆகக் குறைக்கப்பட்டது என்றாலும், அதற்கு வரியில்லாததால் முழுவதும் கையில் நிற்கும். செலுத்தும் தொகைக்கான கழிவு பழைய வரி முறையில் மட்டுமே உண்டு. வட்டிக்கான விலக்கு இரண்டு முறையிலும் உண்டு. நீங்கள் புதிய முறையில் இருந்து, ஆண்டு வருமானம் வட்டியையும் சேர்த்து 12 லட்சத்துக்குள் அடங்கினால், 2025–26 முதல் உள்ள தள்ளுபடியால் டெபாசிட் வட்டிக்கும் வரி வராது. அப்போது வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிட்டால் போதும்.

பிபிஎஃப்பில் ஒரு நிதியாண்டுக்கு 1,50,000 ரூபாய்தான் உச்சம். மாதத்தின் 5ஆம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையே இருக்கும் குறைந்த இருப்புக்கே வட்டி. ஏப்ரல் 5க்குள் போட வேண்டிய ஒன்றரை லட்சத்தை 6ஆம் தேதி போட்டால் ஏறத்தாழ 887 ரூபாய் போய்விடும். டெபாசிட் மாசியில் முதிர்வது உங்களுக்கு வாய்ப்பாக அமைகிறது. இவ்வாண்டு 20,000 செலுத்தியிருந்தால் மீதி 1,30,000ஐ மார்ச் 5க்குள்ளும், அடுத்த ஆண்டுக்குரிய 1,50,000ஐ ஏப்ரல் முதல் ஐந்து நாளுக்குள்ளும் போடலாம். எஞ்சும் 1,20,000ஐ மகள் பெயரில், பெண் குழந்தைகளுக்கான அரசுச் சேமிப்புத் திட்டமான செல்வமகள் திட்டத்தில் சேர்க்கலாம். பத்து வயது நிறைவதற்குள் தொடங்க வேண்டிய அக்கணக்கின் வட்டி 2024 ஜனவரியில் 8.2 ஆக உயர்த்தப்பட்டது; அதற்கும் வரியில்லை. ஆனால் அவள் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரையிலோ பதினெட்டு வயது வரையிலோ அதிலிருந்து எடுக்க முடியாது என்பதை மனத்தில் வையுங்கள். டெபாசிட்டை இப்போதே உடைக்க வேண்டாம், வட்டி குறையும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, ஐயா. அப்படியானால் பிபிஎஃப் மாற்றலுக்கு இப்போதே விண்ணப்பிக்கலாமா?

மறுமொழி (ஓய்வுபெற்ற அஞ்சலகப் பணியாளர், கும்பகோணம்)

பொறுங்கள், அம்மா. கணக்கு இரண்டு அலுவலகங்களுக்கு நடுவே இருக்கும்போது பணம் கட்டுவது சிக்கலாகிவிடும். மார்ச், ஏப்ரல் தவணைகள் இரண்டையும் அஞ்சலகத்திலேயே செலுத்தி, மார்ச் 31ஆம் தேதி வரவாகும் வட்டியையும் பாஸ்புக்கில் பதிந்தபின், ஏப்ரல் நடுவில் விண்ணப்பம் கொடுங்கள். மகளின் கணக்குக்கு அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. பிறப்புச் சான்றிதழுடன் சென்றால் உங்கள் வங்கியிலேயே தொடங்கலாம்.