மறுமொழி: எக்ஸ்போஸ், பப்ளிஷ் இரண்டுக்கும் என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம். டாக்கரில் வரும் எக்ஸ்போஸ், பப்ளிஷ் என்ற இரண்டு கட்டளைச் சொற்களுக்குத் தமிழ் தேடும் இழைக்கு என் பதில் இது.

> எக்ஸ்போஸ் – வெளிப்படுத்தல், பப்ளிஷ் – வெளியிடல். அகராதியிலேயே இருக்கிறதே தம்பி, புதிதாக எதற்கு?

அண்ணே, சிக்கலே அதில்தான். இரண்டும் காதில் ஒன்றாகத்தான் விழும். செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் அடைத்து இயக்கும் டாக்கரிலோ இரண்டும் வேறு வேறு வேலை. கொள்கலனுக்கான செய்முறைக் கோப்பான டாக்கர்ஃபைலில் 'எக்ஸ்போஸ் 80' என்று எழுதினால் வெளியே எதுவும் திறக்காது. உள்ளே இருக்கும் நிரல் 80ஆம் போர்ட்டில் (வலைத் தொடர்பு வந்து சேரும் எண்ணிட்ட வழி) காத்திருக்கிறது என்ற குறிப்பு, அவ்வளவுதான். வெளியிலிருந்து எட்ட வேண்டுமானால், இயக்கும்போது 8080:80 என்று, அதாவது கணினியின் 8080க்கு வருவதைக் கொள்கலனின் 80க்கு அனுப்பு என்று, தனியாகக் கொடுக்க வேண்டும். அதுதான் பப்ளிஷ்.

காரைக்குடியில் நான் பாடம் எடுக்கும் பிள்ளைகளில் ஒருவர், ஆத்தங்குடி கல் பட்டறை ஒன்றுக்கு ஆர்டர் பதியும் செயலி செய்திருந்தார். பல கொள்கலன்களைச் சேர்த்து இயக்கும் கம்போஸ் கோப்பில், போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குக் கீழே 5432:5432 என்று ஒரு வரி. "யூஎஃப்டபிள்யூவில் 22, 443 தவிர எல்லாத்தையும் அடைச்சாச்சு சார்" என்றார். யூஎஃப்டபிள்யூ என்பது லினக்ஸில் வெளித்தொடர்புகளைத் தடுக்கும் தீயரண். என் கைப்பேசி இணையத்திலிருந்து தட்டிப் பார்த்தால், தரவுத்தளம் கடவுச்சொல் கேட்கிறது! டாக்கர் தன் விதிகளைத் தானே லினக்ஸின் பொட்டல வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் எழுதிக்கொள்கிறது. வரும் தரவுப் பொட்டலம் முகவரி மாற்றப்பட்டு நேரே கொள்கலனுக்குப் போய்விடுகிறது, யூஎஃப்டபிள்யூ காவல் நிற்கும் வழிக்கு வருவதே இல்லை. நம்ம ஊர் வீட்டில் முகப்பைப் பூட்டிவிட்டு, அடுத்த தெருவில் இருக்கும் பின்கட்டுக் கதவைத் திறந்து போட்ட மாதிரி. அந்த வரியையே எடுத்துவிடச் சொன்னேன். செயலியும் தரவுத்தளமும் ஒரே வலையமைப்பில் இருப்பதால், சேவையின் பெயரைச் சொன்னாலே ஒன்றையொன்று கண்டுகொள்ளும். டாக்கர் ஓடும் அந்தக் கணினியிலிருந்து மட்டும் பார்க்க வேண்டுமானால் 127.0.0.1:5432:5432 போதும். முன்னால் முகவரி போடாவிட்டால் எல்லா முகவரியிலும் திறந்துவிடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஆக என் முன்மொழிவு: போர்ட்டுக்குத் துறை, எக்ஸ்போஸுக்குத் துறை குறித்தல், பப்ளிஷுக்குத் துறை திறத்தல். 'துறை திறப்பு' என்று சுருக்க வேண்டாம். யாழ்ப்பாணத்து நண்பர்களுக்குத் திறப்பு என்றால் சாவி.

> போர்ட்டுக்கு வாயில் என்றே வைக்கலாமே. துறை என்றதும் அரசு அலுவலகம்தான் ஞாபகம் வருகிறது.

எனக்கும் வாயில்தான் முதலில் பிடித்தது. ஆனால் ஒரு வலையமைப்பிலிருந்து வெளியே போகும் வழியான கேட்வேயை நுழைவாயில் என்று எழுதிப் பழகிவிட்டோம். டாக்கர் வலையமைப்பு அமைப்பில் கேட்வே முகவரியும் போர்ட்டும் ஒரே பக்கத்தில் வரும். இரண்டும் வாயிலானால் படிப்பவர் பாடு திண்டாட்டம். தவிர, கொள்கலன் வந்து இறங்குவது துறையில்தானே.

8080:80இல் இருக்கும் இரண்டு எண்களுக்கும் ஒருவர் வெளித்துறை, உள்துறை என்று எழுதியிருந்தார். இலக்கணப்படி சரிதான். ஆனால் 'உள்துறையை மாற்றவும்' என்று ஆவணத்தில் எழுதினால் அமைச்சரவை மாற்றம் என்றல்லவா நினைப்பார்கள்! முன்துறை, பின்துறை என்று வைத்துக்கொள்ளலாம். சங்கப் பாட்டிலேயே கொற்கை முன்துறை வருகிறது. புதுச் சொல் என்று யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். முன்துறை 8080, பின்துறை 80. இந்த இரண்டையும் சேர்ப்பது துறைப் பிணைப்பு. கொள்கலன்களை இணைக்கும் பிரிட்ஜ் பாலமாகவே இருக்கட்டும், அதில் சண்டை இல்லை.

பல கணினிகளில் கொள்கலன்களை நிர்வகிக்கும் குபர்நெடிஸுக்குப் போனால் இந்த இணை போதாது. அங்கே நோட்போர்ட் என்று வெளியே ஒன்று, வழக்கமாக 30000 முதல் 32767க்குள், கொள்கலனுடையது ஒன்று, இடையில், கொள்கலன்களுக்கு முன்னால் நிலையான முகவரியாக நிற்கும் சர்வீஸுக்கென்றும் ஒன்று. அதை நடுத்துறை என்றால் ஒட்டுமா? அண்ணன்தான் சொல்ல வேண்டும்.